அப்பா ஏறி இறங்கும் உயரம்

அன்புள்ள தம்பி,

போன கிழமை நீ போனில், "வண்டி எப்படிம்மா ஓடுது? நானும் தர்ஷினியும் கல்யாணத்துக்குப் பொறகு அதே மாதிரி ஒண்ணு வாங்கலாமான்னு பாக்குறோம்" என்று கேட்டாய். நான் "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பக்கத்துக் கதிரையில் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் பேச முடியாத சங்கதி அதில் இருந்தது. இப்போது பகல் சாப்பாட்டை முடித்துவிட்டு அவர் நன்றாகக் குறட்டை விடுகிறார். நான் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். டீச்சராக இருந்தவளிடம் கேள்வி கேட்டால் ஒற்றை வரியில் பதில் வராது என்று உனக்குத் தெரியாதா? கடைசியில் உன்னிடம் நான் கேட்க வேண்டிய ஒரு காரியமும் இருக்கிறது. அதுவரை பொறுமையாகப் படி.

முதலில் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். பதறாதே, கோபமும் படாதே. உன்மேலோ தர்ஷினிமேலோ அவருக்கு ஒரு குறையும் இல்லை. இடுப்பு எலும்பு உடைந்து கம்பி வைத்த பிறகு, தம்புள்ளையில் அவர் மரக்கறி லொறி ஓட்டிய காலத்துக் கூட்டாளியின் மகள் கல்யாணத்துக்கு எங்கள் பழைய சின்னக் காரில் போனோமே, நினைவிருக்கிறதா? "நல்லா நடந்துச்சு" என்று உன்னிடம் சொன்னோம். நடந்தது என்னவென்றால், மண்டப வாசலில் கார் நின்றதும் அவரால் எழும்ப முடியவில்லை. அந்தக் காரின் சீட் தரையோடு தரையாக இருக்கும், உனக்குத் தெரியும். நான் சுற்றி ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அதைப் பார்த்து இரண்டு வாலிபர்கள் ஓடி வந்தார்கள். ஒருவன் அக்குளில் கை கொடுத்தான், மற்றவன் இடுப்பைப் பிடித்தான், "ரெடியா அங்கிள்" என்று சொல்லி ஒரே இழுப்பாக இழுத்தார்கள். வேட்டி அவிழ்ந்துவிட்டது. வீடியோ எடுக்கிறவர் வேறு லைட்டைப் போட்டுக்கொண்டு நேரே நின்றார். அப்பா அந்த இடத்தில் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். திரும்பி வரும்போது நாவுல டவுனைத் தாண்டும்வரை வேட்டி முடிச்சை இறுக்கி இறுக்கிக் கட்டிக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு அவர் வெளியே போனது கண்டி ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். அதுவும் வாடகை வேனில். அந்த வேனில் ஏறுவதற்கு ஒரு ஆள் உயரம் படி. அங்கேயும் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். உன் கல்யாணம் பண்டாரவளையில் என்று முடிவான அன்று ராச்சாப்பாட்டில் சொன்னார்: "நீ போயிட்டு வா. நான் வீட்டப் பாத்துக்கிறேன். என்னையத் தூக்கிட்டுப் போயி மண்டபத்துல எறக்கி வெக்க நான் என்ன வாடகைக் கதிரையா?" நாலு நாள் போனால் மனம் மாறிவிடும் என்று நினைத்தேன். மாறவில்லை.

அப்போதுதான் நீ, வாகன இறக்குமதித் தடையை எடுத்துவிட்டார்கள், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு நல்ல வண்டி வாங்கித் தரப்போகிறேன் என்று கிளம்பினாய். உன் குரல் செய்திகளை நான் இன்னும் அழிக்கவில்லை. டர்போ என்கிறாய், திரை இத்தனை பெரிது என்கிறாய், கூரையில் கண்ணாடி இருக்கிறது என்கிறாய், மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்கிறாய். அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வெள்ளையா? வெள்ளன்னாத்தான் திருப்பி விக்கிறப்போ வெல போகும்." நம் ஊரில் வண்டி வாங்குகிற யாரையும் பார், தான் உட்காருவதற்கு வாங்க மாட்டார்கள், தனக்குப் பிறகு வாங்கப்போகிற யாரோ முகம் தெரியாத ஒருவனுக்காகத்தான் நிறம் பார்ப்பார்கள், டயர் பார்ப்பார்கள். எனக்கு உங்கள் இரண்டு பேருடைய பேச்சும் மண்டையில் ஏறவில்லை. நான் பார்த்தது எங்கள் சாப்பாட்டு மேசைக் கதிரையை.

இந்த வீட்டில் அப்பா யார் கையும் பிடிக்காமல் உட்கார்ந்து எழும்புவது அந்த ஒரு கதிரையில் மட்டும்தான், அதுவும் மெத்தை போட்டால். சோபாவில் உட்கார்ந்தால் நான் இழுக்க வேண்டும். கட்டிலில் என்றால் ஜன்னல் கம்பியைப் பிடிக்க வேண்டும். அதனால் நான் ஒரு பாவாடை நாடாவை எடுத்து, தரையிலிருந்து அந்த மெத்தையின் மேல்விளிம்புவரை பிடித்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, கைப்பையில் வைத்துக்கொண்டு கண்டிக்குப் போனேன். கார் சேலில் விற்பனைக்கு நின்ற வண்டிகளின் கதவைத் திறந்து திறந்து நாடாவைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். அங்கே இருந்த பையன் என் பின்னாலேயே வந்தான். "என்ன மேடம் அளக்குறீங்க? க்ரவுண்ட் கிளியரன்ஸா?" என்றான். "இல்லப்பா, எங்க வீட்டுக்காரர அளக்குறேன்" என்றேன். அவன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சாதாரணக் கார்களில் முடிச்சு சீட்டுக்கு மேலே நின்றது. பெரிய ஜீப்புகளில் முடிச்சு சீட்டைத் தொடவே இல்லை. நீ அனுப்பிய படங்களில் இருந்த இந்தச் சின்ன ஜீப் மாதிரி வண்டியில் முடிச்சு சரியாக சீட்டின் விளிம்பில் வந்து நின்றது. நான் வாங்கச் சொன்னது அதற்காகத்தான். டர்போவுக்காக வாங்கினோம் என்று இதுநாள்வரை நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், பாவம்.

சரி, இனி வண்டி. அது பார்க்க ஜீப் மாதிரி இருக்கிறது, ஆனால் ஜீப் இல்லை; முன் சக்கரம் இரண்டும்தான் இழுக்கின்றன. அதைத் தெரிந்துகொண்டு ஓட்டினால் ஏமாற்றம் இல்லை. அலுவிகாரையில் நம் வீட்டு ஒழுங்கைக்குக் குறுக்கே ஓடும் தண்ணீர்க் கானில் பழைய கார் தினமும் அடிவயிற்றைத் தேய்க்கும். இது சத்தமே இல்லாமல் தாண்டுகிறது. வெளியே சின்னது என்பதால் அக்குறணை நெரிசலில் பஸ்ஸுக்கும் த்ரீவீலருக்கும் நடுவில் நுழைய முடிகிறது. உயரத்தில் உட்காருவதால் முன்னால் போகிற லொறிக்கு அப்பாலும் ரோடு தெரிகிறது, எனக்கு அது பெரிய ஆறுதல். பின்பக்கம் பார்ப்பதுதான் கஷ்டம். பின் கண்ணாடி பெட்டிக்கடை ஜன்னல் அளவுதான், மூலைத் தூண்கள் தடிப்பு. கெமரா இல்லையென்றால் நான் இதற்குள் பக்கத்து வீட்டு மதிலை இடித்திருப்பேன். பின் சீட்டில் இரண்டு பேர் சௌகரியமாக இருக்கலாம். மூன்றாவது ஆள் என்றால் சண்டைதான். டிக்கியில் ஒரு அரிசி மூட்டையும் சந்தைப் பைகளும் போகும். உபரி டயர் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பம்பும் ஒரு போத்தல் பசையும் கொடுத்திருக்கிறார்கள். றத்தோட்டைக்கு மேலே டயர் வெடித்தால் அந்தப் போத்தலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

அப்புறம் அந்த ஜப்பான்காரி. வண்டியை ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்கிறது, நிறுத்தும்போதும் சொல்கிறது. அவள் வாயை அடைக்கவும் தெரியவில்லை, என்ன சொல்கிறாள் என்றும் தெரியவில்லை. ரோட்டில் கோட்டைத் தாண்டினால் வண்டி ஒரு கத்தல் கத்துகிறது. நம் பக்கத்து ரோட்டில் கோடு எங்கே இருக்கிறது, அது எதைப் பார்த்துக் கத்துகிறது என்று எனக்கு விளங்கவில்லை. பெற்றோல், கடைக்காரன் சொன்ன அளவுக்கு மிச்சம் பிடிக்கவில்லை. தம்புள்ளைப் பக்கம் சமதரையில் ஓடினால் சந்தோஷம், மலையில் ஏறினால் பழைய காருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வண்டி வந்த அன்று கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிக்கொண்டு வந்தேன். அப்பா கேட்வரைக்கும் வந்து பார்த்தார். நான் நாடாக் கதையைச் சொன்னேன். சிரித்தார். "சரி, ஒக்காந்து பாக்குறேன்" என்று முன் கதவைத் திறந்து, திரும்பி, பின்பக்கமாக உட்கார்ந்தார். உயரம் அச்சொட்டாக இருந்தது. ஆனால் சீட்டில் கார் சேல்காரர்கள் போட்டுத் தந்த பொலித்தீன் உறை. வேட்டியும் பொலித்தீனும் சேர்ந்தால் எப்படி இருக்கும்? உட்கார்ந்த மனுஷன் வழுக்கிக்கொண்டு வந்த வழியே வெளியே வந்துவிட்டார். நான் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன். முகம் கறுத்துப்போயிற்று. "பாத்தியா, எனக்கு இது சரிவராது" என்று உள்ளே போய்விட்டார்.

பொலித்தீனைக் கழற்றிவிட்டால் தீர்ந்தது, இதற்கு என்ன பெரிய யோசனை என்று நீ கேட்பாய். நானும் கத்திரிக்கோலோடு போனேன். அப்பா விடவில்லை. "கை வெக்காத. சீட்டு புதுசா இருக்கட்டும். நமக்கு இது எத்தன நாளைக்கு? நான் போன பொறகு தம்பி விப்பான். அவனுக்கு நல்ல வெல கெடைக்கணும்ல?" என்றார். ரொம்பச் சாதாரணமாக, மிளகு காய்ந்துவிட்டதா என்று கேட்கிற குரலில் சொன்னார். தம்பி, எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு அளவில்லை. அழுகையும் வந்தது. நீ அவர் உட்காரட்டும் என்று ஆசையாக வாங்கிக் கொடுத்த வண்டியில், அவர் தான் இல்லாத காலத்துக்குச் சீட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் கத்திரிக்கோலைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வண்டி சும்மா நின்றது.

அவரை வெளியே கொண்டுவந்தது என் கெட்டித்தனம் இல்லை, என் மோசமான டிரைவிங். நான் தனியாகச் சந்தைக்குப் போய் வரும்போது அவர் ஜன்னலருகே உட்கார்ந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அத்தனை வருஷம் லொறி ஓட்டிய காது. "ஏன் இப்புடி எரைச்சல் போடுது? எத்தன சிலிண்டர்?" என்று ஒருநாள் கேட்டார். மூன்று என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மூணு சிலிண்டரா? அது த்ரீவீலரோட அக்கா. இத வெச்சிக்கிட்டு ரிவர்ஸ்டன் மல ஏற முடியுமா? பாதி வழியில படுத்துரும்." நான், "ஏறும்" என்றேன். "ஏறாது" என்றார். "வந்து பாருங்க" என்றேன். கைத்தடியை எட்டி எடுத்தார். பிறகு, "அந்தத் துவாய எடு, சீட்டுல விரி" என்றார். வண்டி தோற்பதைக் கண்ணால் பார்ப்பதற்காகவே அந்த மனுஷன் கிளம்பினார்.

றத்தோட்டையைத் தாண்டி மேலே வளைவுகள் தொடங்கியதும் நான் வழக்கம்போல ஓங்கி மிதித்தேன். இந்த வண்டியின் குணம் உனக்குத் தெரிய வேண்டும்: மிதித்தவுடன் போகாது. ஒரு நிமிஷம் யோசிக்கிறது, பிறகு பெரிதாக இரைகிறது, அதற்கும் பிறகுதான் ஏறுகிறது. "மிதிக்காத, மிதிக்காத" என்றார் அப்பா. "கால மெதுவா வெச்சு அப்படியே புடி. அது தானா வரும்." பிடித்தேன். இரைச்சல் அடங்கி, வண்டி அழுத்தமாக ஏறியது. ஒரு வளைவில் பஸ் ஒன்று இறங்கி வந்தது. நல்ல ஏற்றத்தில் நிறுத்திவிட்டேன். அப்பா திரும்பிப் பின்னால் பார்த்தார், எவ்வளவு தூரம் உருளப்போகிறது என்று. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நின்றது, பிறகு முன்னாலேயே போனது. "உருளலியே!" என்றார், ஏமாந்துபோன குரலில். தேயிலை வந்தது, மூடுபனி வந்தது. இறக்கம் வந்த இடங்களில் கியரை எப்படிக் கீழே போட்டு இன்ஜினாலேயே பிடிப்பது என்று அவர்தான் லீவரில் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தார். வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் அப்படிப் பேசியதைக் கேட்டேன்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பனிக்குள்ளிருந்து ஒரு மாடு நேரே ரோட்டுக்கு வந்துவிட்டது. என் கால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்னாலேயே வண்டி ஒரு கத்தல் கத்திவிட்டுத் தானாக பிரேக் பிடித்தது. மாடு தப்பியது. ஆனால் அப்பா பெல்ட் போட்டிருந்தும், துவாய்த் துண்டோடு சேர்ந்து பொலித்தீனில் வழுக்கி, இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் போய், முழங்கால் முன்பலகையில் இடித்துவிட்டது. ஜப்பான்காரி என்னவோ சொன்னாள். நான் வண்டியை மெதுவாகக் கொண்டுபோய், ஆட்கள் நின்று பார்க்கும் இடத்தில் ஓரங்கட்டினேன். கம்பி வைத்த இடுப்பாயிற்றே. "அடிபட்டிருச்சா?" என்று கேட்டேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு பெல்ட்டைக் கழற்றினார். வழக்கமாக வண்டி நின்ற மறுநொடி நான் சுற்றி ஓடிப்போய் அவர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு நிற்பேன். அன்று என்னால் முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவர் கதவைத் திறந்தார். கைத்தடியை வெளியே வைத்தார். திரும்பி, ஒரு காலை இறக்கினார், மற்றதைக் கையால் தூக்கி இறக்கினார். இரண்டு பாதமும் தரையில் பட்டன. கதவின் விளிம்பைப் பிடித்து ஒரு மூச்சு எடுத்தார், எழும்பி நின்றார். அவ்வளவுதான். அங்கே கொஞ்சம் வாலிபப் பிள்ளைகள் நின்றார்கள், சோளம் விற்கிறவர் ஒருவர் இருந்தார். ஒருவரும் ஓடி வரவில்லை. ஒருவரும் பார்க்கக்கூட இல்லை. வண்டியிலிருந்து ஒரு மனுஷர் இறங்குவதில் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு பையன் மட்டும் அப்பாவிடம் வந்து, தங்களை ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா என்று சிங்களத்தில் கேட்டு போனைக் கையில் கொடுத்தான். அப்பா வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டு, அவர்களை அந்தப் பக்கம் நில், இந்தப் பக்கம் நில் என்று அதிகாரம் பண்ணி எடுத்துக் கொடுத்தார். நான் வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். அவர் பார்க்கவில்லை.

திரும்பி வந்தவர் ஏறவில்லை. "சாவியத் தா" என்றார். கொடுத்தேன். அது சாவியா? ஒரு பிளாஸ்டிக் கட்டி. "இதுல எத வெச்சுக் கிழிக்கிறது?" என்று சலித்துக்கொண்டு, குனிந்து சீட் ஓரத்தில் பொலித்தீனைப் பல்லால் கடித்தார். பொய்ப்பல் வேறு. நான் சத்தம் போட்டேன், கேட்கவில்லை. ஒரு கிழிசல் விழுந்ததும் இரண்டு கையாலும் இழுத்து, அடியோடு உரித்து, சுருட்டி டிக்கியில் போட்டார். "விக்கிறவன் விக்கிறப்போ பாத்துக்கட்டும். மொதல்ல நான் ஒழுங்கா ஒக்காரணும்" என்றார். வெறும் துணி சீட்டில் உட்கார்ந்தார், வழுக்கவில்லை. இறங்கி வரும்போது றத்தோட்டைக்குக் கிட்ட, "பண்டாரவளைக்கு எந்தப் பக்கமாப் போறது? மஹியங்கனைப் பக்கமா, நுவரெலியாப் பக்கமா?" என்று கேட்டார். வேறு ஒன்றையும் கிளறாமல், "நுவரெலியாப் பக்கம் போவோங்க" என்றேன். "இந்த மூணு சிலிண்டருக்கு அந்த ஏத்தந்தான் சரி" என்றார்.

ஆகவே, உன் கேள்விக்கு என் பதில்: வாங்கலாம். ஆனால் இணையத்தில் பார்த்து வாங்காதே. தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு போ, அவளை ஓட்டச் சொல்லிவிட்டு நீ பின் சீட்டில் உட்கார்ந்து பார். அவளுடைய அம்மாவையும் ஒருநாள் ஏற்றிப் பார். கொழும்பு ரோட்டில் எல்லா வண்டியும் ராஜாதான். கடுகண்ணாவை ஏற்றத்திலாவது ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடு. பின்னால் விற்கும்போது என்ன விலை போகும் என்ற கேள்வியை, உட்காருகிறவர்களுக்கு வசதியா என்று பார்த்த பிறகு கேள். பொலித்தீனை வாங்கிய அன்றைக்கே கிழித்துவிடு, அவளையே கிழிக்கச் சொல். கூரைக் கண்ணாடி வேண்டாம், வெயில் மண்டையைப் பிளக்கும். நீ என்னை மாதிரியே எல்லாவற்றுக்கும் ஓடுகிற ஆள். யாருக்காவது ஒன்று என்றால் கேட்காமல் போய்த் தூக்கிவிடுவாய். அது நல்ல குணம்தான், நான்தான் பழக்கினேன். ஆனால் உதவிக்குக் கையை நீட்டுவதற்கு முன்னால் வேண்டுமா என்று ஒருமுறை கேள். தர்ஷினியிடமும் அப்படித்தான்.

இப்போது நான் கேட்க வந்த காரியம். கல்யாணத்தன்று உன் சோடித்த கார் முன்னால் போகும், நீ முதலில் இறங்கி மண்டப வாசலில் நிற்பாய். எங்கள் வண்டி பின்னால் வந்து நிற்கும். நீ ஓடி வராதே. உன் கூட்டாளிகளிடமும் முன்கூட்டியே சொல்லிவை, ஒருவனும் கதவுப் பக்கம் வரக் கூடாது. வீடியோக்காரரை உன் முகத்தை எடுக்கச் சொல். கதவு திறக்கும். முதலில் கைத்தடி வெளியே வரும், பிறகு ஒரு கால், கொஞ்சம் பொறுத்து மற்றக் கால். நேரம் எடுக்கும். மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டிருக்கட்டும். நானும் ஓடமாட்டேன், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உனக்குக் கை பரபரக்கும், எனக்குத் தெரியும். மாலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நில். அப்பா உன்னிடம் நடந்து வருவார்.

அன்புடன்,
அம்மா